அப்பாவுக்குப் பிடித்த ரோடு

மரியோ கார்ட் விளையாடும் எல்லா வீட்டிலும் ஒரு சண்டை உண்டு. எந்த டிராக் நல்லது, எந்த டிராக் உருப்படாதது என்ற சண்டை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகம் முடிந்து வந்து நீங்களே கண்ட்ரோலரைப் பிடிப்பவர் என்றால் உங்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' 2017-ல் ஸ்விட்ச்சுக்கு வந்தபோது அதில் 48 டிராக்குகள் இருந்தன. 2022 மார்ச் முதல் 2023 நவம்பர் வரை ஆறு தவணைகளாக இன்னும் 48 சேர்த்தார்கள். ஆக 96. ஒரு பந்தயத்தில் 12 வண்டிகள். பெரும்பாலும் மூன்று சுற்று. வழியில் ஒருவர் மேல் ஒருவர் ஆமை ஓட்டை வீசலாம், வாழைப்பழத் தோலைப் போட்டு வழுக்கி விடலாம். குடும்பத்தில் யாருக்கு யார் மேல் மனத்தாங்கல் என்பது இரண்டாவது சுற்றுக்குள் தெரிந்துவிடும்.

என் பட்டியலைக் காதால் போட்டேன். தொழில் அப்படி. காலை நிகழ்ச்சிக்காக நாலு மணிக்கு எழுந்து, ஐந்தரைக்குள் மைக் முன்னால் உட்காருகிறவள் நான். எந்த விளையாட்டிலும் முதலில் எனக்குக் கேட்பது இசைதான். இந்த விளையாட்டின் இசையை உண்மையான வாத்தியக் குழுவை வைத்து வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். 'டால்ஃபின் ஷோல்ஸ்' என்றொரு டிராக். கடலுக்கடியில் ஓடும்போது இசை அடங்கியே இருக்கும். தண்ணீரிலிருந்து மேலே வந்ததும் சாக்ஸபோன் எழும்பும் பாருங்கள், அதற்காகவே அதைப் பத்துத் தடவை ஓட்டலாம். 'கிளவுட்டாப் குரூஸ்' இன்னொன்று. இடி மின்னல் மேகத்துக்குள் நுழைந்ததும் கிட்டார் அலறும்.

பிடிக்காதது 'ரெயின்போ ரோடு'. அதில் பல உண்டு. நான் சொல்வது 8-ஆம் பாகத்துக்கென்றே செய்தது. விண்வெளி நிலையம் மாதிரி ஒரு வஸ்துவைக் கட்டி அதற்கு வானவில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் தடுப்பு இல்லாத இடங்களில் கொஞ்சம் சறுக்கினாலும் விழ வேண்டியதுதான். விழுந்தால் மூன்று காசு போய்விடும். மேகத்தில் உட்கார்ந்திருக்கும் லகிட்டு என்ற ஆமை தூண்டிலோடு வந்து நம்மைத் தூக்கி விடும். அதன் முகத்தை எனக்குப் பார்க்கவே பிடிக்காது.

இப்படி நிம்மதியாக இருந்த என் பட்டியலை அப்பா கலைத்தார்.

அப்பா பஸ் டிரைவர். கிள்ளானிலிருந்து சிங்கப்பூருக்கு எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டினார், 1986 முதல் 2007 வரை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது 1994-ல்தான். அதற்கு முன்னால் பழைய ரோட்டில், சிரம்பான், தம்பின், சிகாமட், யோங் பெங், ஆயர் ஈத்தாம் என்று ஊர் ஊராகப் போக வேண்டும். எந்த இடத்தில் செம்பனை லாரி திடீரென்று திரும்பும், எந்த வளைவில் மழைத் தண்ணீர் தேங்கும், எந்தக் கடையில் இரவு இரண்டு மணிக்கும் சூடாகத் தே கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். லைனை விட்ட பிறகும் பத்து வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டினார்.

இனிப்புநீர் அவர் கண்ணைப் பிடித்தது. லேசர் சிகிச்சை செய்தார்கள். வலக்கண் ஓரளவு நின்றது. இடக்கண்ணில் நடுப்பகுதி மங்கலாகவே இருக்கிறது. இனிமேல் காடி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று மாலை, நாங்கள் யாரும் கேட்காமலேயே, பழைய சாகாவின் சாவியைச் சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ரோட்டைப் பற்றியே பேசவில்லை. முன்பெல்லாம் நான் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து, "கியர மாத்து, ஓரமா போ, அவன் வரட்டும் விடு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவார். இப்போது பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த அதட்டல் இல்லாமல் ஓட்டுவது எனக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அக்கா மகன் புது ஸ்விட்ச் வாங்கியதும் பழையதை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். போவதற்கு முன்னால் தாத்தாவை மூன்றடி தூரத்தில் டிவி முன்னால் உட்கார வைத்து, கண்ட்ரோலரைக் கையில் கொடுத்து, ஸ்மார்ட் ஸ்டீயரிங் என்ற வசதியையும் போட்டுவிட்டான். அது இருந்தால் வண்டி ரோட்டை விட்டு விழாது. ஓரத்துக்குப் போனால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். சிறு பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும் நல்ல ஏற்பாடு. அப்பா இரண்டு நிமிடம் ஓட்டினார்.

"யாருய்யா இது கூட ஓட்டுறது? நான் ஒரு பக்கம் திருப்புனா அது ஒரு பக்கம் போகுது."

"நீங்க விழாம இருக்க அதுவே பாத்துக்கும், தாத்தா."

"விழுந்தா விழுறேன். எடுத்து விடு."

எடுத்துவிட்டான். விழுந்தார். லகிட்டு தூக்கிவிட்டது. திரும்பவும் விழுந்தார். 12 பேரில் 12-ஆவது. ஆனால் அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவரே, "அத இன்னொரு தடவ போடு பாப்பா" என்றார்.

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமை இரவுகள் ஆரம்பித்தன. மறுநாள் எனக்கு நிகழ்ச்சி கிடையாது. மூன்று நான்கு பேர் ஆடினால் டிவி நான்காகப் பிரிந்து படம் சிறுத்துப்போகும், அப்பாவுக்குத் தெரியாது. அதனால் நாங்கள் இரண்டே பேர், ஆளுக்குப் பாதித் திரை. அம்மா தன் முறைக்குக் காத்திருப்பார்.

அப்பாவின் பட்டியல் முதல் மாதத்திலேயே தயாராகிவிட்டது. அதன் கடைசியில் இருப்பது 'பேபி பார்க்'. முட்டை வடிவில் சின்ன மைதானம். அதையே ஏழு சுற்று வர வேண்டும். 2003-ல் கேம்கியூபுக்கு வந்த பழைய டிராக் இது. எனக்குத் தெரிந்த எல்லோரும் இதை விழுந்து விழுந்து ரசிப்பார்கள். அப்பா மூன்றாவது சுற்றில் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். "சுத்திச் சுத்தி வந்து அதே எடத்துல நிக்கிறதுக்கு எதுக்கு வண்டி? ஆள ஏத்துனா எங்கயாவது எறக்கி விடணும்ல?"

அதற்கு என்ன பதில் சொல்ல? பந்தயம் என்றாலே சுற்றுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் 96-ஐயும் யோசித்துப் பார்த்தால், சுற்றாமல் ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் போய் முடிகிற டிராக்குகளும் சில இருக்கின்றன. 'மவுண்ட் வாரியோ' அப்படிப்பட்டது. விமானத்திலிருந்து குதித்துப் பனிமலை உச்சியில் இறங்கி, குகைக்குள் புகுந்து, அணைக்கட்டின் சுவரில் ஓடி, காட்டைக் கடந்து, கொடிகள் நட்ட சறுக்குச் சரிவில் வளைந்து வளைந்து அடிவாரத்துக்கு வர வேண்டும். ஒரே ஓட்டம், அதை மூன்று பகுதியாகப் பிரித்திருப்பார்கள். அன்று அதைப் போட்டேன். முடிந்ததும் அப்பா கொஞ்சநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தானா ராத்தாலேர்ந்து தாப்பாவுக்கு எறங்குற மாதிரி இருக்கு" என்றார். கேமரன் மலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போன கதை அதன் பிறகு வந்தது. பிரேக் சூடாகி வாடை வந்ததும், ஓரமாக நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடச் சொன்னதும். இந்தக் கதையை எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகுதான் கேட்கிறேன்.

ஒரு சிக்கல்: பனி வெள்ளை. வெள்ளையில் வெள்ளை ரோடு அவர் கண்ணுக்கு எட்டவில்லை. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். ராலி பந்தயத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் குறிப்பைப் படித்துக்கொண்டே வருவாரே, அது மாதிரி. "வலது, நீளமா. இப்ப நேரா. இடது, சட்டுனு." என்னைப் பார்க்க முடியாத ஆயிரக்கணக்கான பேரிடம் தினமும் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான்; இது சுலபம் என்றுதான் நினைத்தேன். அப்பா சொன்னார்: "நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள வளைவு போயிடுதும்மா. ரேடியோலயும் இப்டித்தான் இழுக்கிறியா?"

சொற்களைக் குறைத்தேன். 'வலது' என்பதற்கு 'வா'. 'இடது' என்பதற்கு 'இட்'. இப்போது மவுண்ட் வாரியோவில் அவர் ஆறாவது, ஏழாவது வருகிறார். ஒரு முறை நான்காவது.

குறிப்பே தேவைப்படாத டிராக் ஒன்றும் இருக்கிறது, அதுவும் ஒரு ரெயின்போ ரோடு. 1996-ல் நின்டெண்டோ 64-க்கு வந்த மரியோ கார்ட்டில் இருந்ததைத் திருப்பி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நீளமான மூன்று சுற்று. இதில் மூன்று சுற்று இல்லை, ஒரே ஓட்டம். கறுத்த வானம், பளீரென்ற வண்ண ரோடு. மேலே ஒரு ரயில் போகும். கீழே ஊர் விளக்குகள். எனக்கு ரெயின்போ ரோடு என்ற பெயரே ஆகாது என்று சொன்னேன் இல்லையா? அப்பாவுக்கோ 96-ல் நன்றாகத் தெரிவது அந்த ரோடுதான். அதில் என் உதவியைக் கேட்கவில்லை. "ராத்திரி ஓட்டம்தான் சொகம். ஆளு எல்லாம் தூங்கிடும். நீயும் ரோடும்தான்" என்றார். அன்று என்னை முந்திக்கொண்டு போனார், நான் விட்டுக்கொடுக்கவில்லை.

'டோட்ஸ் டர்ன்பைக்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலை டிராக். பஸ்ஸும் லாரியும் காருமாக ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் புகுந்து போக வேண்டும். இது அவருக்குப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். பத்து வினாடியில் திட்ட ஆரம்பித்துவிட்டார், அதிலும் பஸ் டிரைவரை. "சிக்னல் போடாம வர்றான் பாரு. இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?" 'கோகோனட் மால்' அதைவிட மோசமாகப் போனது. பேரங்காடிக்குள் எஸ்கலேட்டரில் வண்டியை ஏற்றச் சொன்னால் மனுஷன் என்ன செய்வார்?

2023 மார்ச்சில் சேர்ந்த 'சிங்கப்பூர் ஸ்பீட்வே'யைப் போடுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். போட்ட அன்று அம்மாவும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்று கோபுரத்தின் மேல் கப்பல் வைத்த மாதிரி மரினா பே சாண்ட்ஸ் வந்தது. "இது என்ன?" என்றார் அப்பா. 2010-ல் திறந்த கட்டடம்; அவர் லைனை விட்டு மூன்று வருடம் கழித்து. கரையோரப் பூந்தோட்டத்தின் பெரிய மரங்களும் அவருக்குத் தெரியாது. பிறகு மெர்லயன் வந்தது, வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு.

"இது இங்க இல்லயே. பாலத்துக்கு அந்தப் பக்கம்ல இருந்துச்சு."

விளையாட்டுக்காரர்கள் நகர்த்தியிருப்பார்கள் என்று சொல்லி, சந்தேகத்துக்குத் தேடிப் பார்த்தேன். 1972-ல் ஆற்றின் வாயில் வைத்த சிலை அது. 1997-ல் எஸ்பிளனேட் பாலம் வந்து, கடலிலிருந்து பார்க்க முடியாமல் மறைத்துவிட்டது. 2002-ல் 120 மீட்டர் தள்ளி இப்போதைய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்பா சொன்னது பழைய இடம். பீச் ரோட்டில் கோல்டன் மைல் முன்னால் ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பும் ஓட்டத்துக்கு நேரம் இருந்தால் அங்கே வரை நடந்து போவாராம். அக்காவுக்கும் எனக்கும் வாங்கி வந்த மெர்லயன் சாவிக்கொத்துகள் அந்த நடையில் வாங்கியவை. நான் அவை பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கியவை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

இந்த ஊர் டிராக்குகளில் இன்னொரு விசேஷம், ஒவ்வொரு சுற்றிலும் வழி மாறும். முதல் சுற்றில் அடைத்திருந்த தெரு இரண்டாவதில் திறந்திருக்கும். ஓட்டிப் பழகிவிட்டோம் என்று மெத்தனமாக இருக்க முடியாது. எனக்கு இது எரிச்சல். அப்பா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "டைவர்ஷன் போட்டிருக்கான். அவ்ளோதானே?"

இடையில் அம்மா. அவருக்குப் பிடித்தது பேபி பார்க் ஒன்றுதான். ஒரே பக்கம் திருப்பினால் போதும், கையில் கிடைத்ததை எல்லாம் வீசலாம், ஏழு சுற்றில் யார் முன்னால் யார் பின்னால் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவை மூன்று முறை ஆமை ஓட்டால் அடித்து ஜெயித்திருக்கிறார். "முப்பத்தெட்டு வருஷம் இவரு எப்ப வருவாருன்னு வாசலப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். இதுல எந்நேரமும் கண்ணு முன்னாடியே சுத்துறாரு" என்றார். அப்பாவுக்கு அது கேட்டது. அடுத்த வாரம் பேபி பார்க் போட்டபோது ஏழு சுற்றும் ஓட்டி முடித்தார். பிடிக்கவில்லை என்றுதான் இன்றும் சொல்கிறார்.

போன சனிக்கிழமை படுக்கப் போகும் நேரத்தில் திரும்பி வந்து கேட்டார்: "பேங்காக் ரோடும் இருக்காமே, தம்பி போன்ல சொன்னான்." இருக்கிறது, சிங்கப்பூர் வந்த அதே தவணையில் வந்ததுதான், மிதக்கும் சந்தையெல்லாம் உண்டு என்றேன்.

"நான் ஹாட்யாய் வரைக்கும்தான் போயிருக்கேன். வாடகைக்கு எடுத்த பஸ், அதுக்கு மேல பெர்மிட் இல்ல. அடுத்த வாரம் அதப் போடு. நீ கொஞ்சம் முன்னாடியே ஓட்டிப் பாத்து வளைவ எல்லாம் எழுதி வச்சுக்க."

பேங்காக்கில் மூன்று சுற்று, மூன்று வழி. நேற்று வரை இரண்டை எழுதியிருக்கிறேன்.