இரண்டு நீ

திக்ரின்யா மொழியில் ‘நீ’ என்பதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. எதிரில் நிற்பவர் ஆணாக இருந்தால் ‘நிஸிகா’, பெண்ணாக இருந்தால் ‘நிஸிகி’. (அந்தக் ‘க’வை ‘மகள்’ என்பதில் வருவதுபோல, இன்னும் கொஞ்சம் தொண்டையில் உரசிச் சொல்ல வேண்டும்.) கூடவே வினைச்சொல்லும் மாறும். காலையில் ஓர் ஆணைப் பார்த்தால் ‘கெமெய் ஹதிர்கா’, பெண்ணைப் பார்த்தால் ‘கெமெய் ஹதிர்கி’. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: இரவை எப்படிக் கழித்தாய்? அந்த மொழியில் ஒருத்தியிடம் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டால்கூட, நீ பெண் என்றும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இதைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ‘நீ’ என்ற சொல்லிலாவது நாங்கள் வெறும் மனிதர்களாக இருந்துவிட்டுப் போகிறோமே என்று நினைத்தேன். தமிழ் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல் என்றும் நினைத்துக்கொண்டேன்.

2011இலிருந்து மூன்று வருடம் வடக்கு எத்தியோப்பியாவில், திக்ராய் மாநிலத்தின் தலைநகரான மெக்கெல்லேயில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தனியாக ஆப்பிரிக்கா போவதாகச் சொன்னபோது அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: “ஏன், திண்டிவனத்துல வேலை இல்லியா?” இருந்தது, சம்பளம்தான் இல்லை. எத்தியோப்பியாவுக்கு இந்திய ஆசிரியர்கள் போவது புதிதும் அல்ல. பேரரசர் ஹைலே செலாசி காலத்திலேயே நூற்றுக்கணக்கானவர்கள் போயிருக்கிறார்கள், கேரளத்துக்காரர்கள் அதிகம். மெக்கெல்லே கடைத்தெருவில் நரைத்த தலைக்காரர்கள் என்னை நிறுத்தி, தங்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த இந்திய சாரைப் பற்றிப் பேசுவார்கள். அதைவிடப் பழைய தொடர்பும் உண்டு. அந்த மலைநாட்டு மக்கள் தங்களை ஹபெஷா என்று சொல்லிக்கொள்கிறார்கள். நம் சரித்திரப் புத்தகங்களில் வரும் ‘ஹபஷி’ அதன் உறவுதான். செங்கடலைத் தாண்டி அடிமைகளாக விற்கப்பட்டு வந்து, பீஜப்பூர் சுல்தான்களிடம் தளபதிகளாகவும் அமைச்சர்களாகவும் உயர்ந்தவர்கள் அவர்கள். 1677இல் சிவாஜி வந்து பிடிக்கும்வரை செஞ்சிக் கோட்டை அந்தப் பீஜப்பூரிடம்தான் இருந்தது. அப்படி விற்கப்பட்டவர்களில் பெண்களும் உண்டு. தளபதியான பெண் யாரும் இல்லாததால் அவர்கள் புத்தகத்தில் வருவதில்லை.

திக்ரின்யா, திக்ராயிலும் எல்லைக்கு அப்பால் எரித்ரியாவிலும் பேசப்படும் மொழி. அரபியும் ஹீப்ருவும் அதற்குத் தூரத்து உறவு, அம்ஹாரிக் நெருங்கிய உறவு. ஆனால் எழுத்து அரபிபோல வலமிருந்து இடம் போகாது. கீயஸ் என்ற பழைய மொழியின் எழுத்து அது. நம் ‘க, கா, கி’ போலவே ஒவ்வொரு மெய்க்கும் உயிர் சேர்ந்து ஏழு வடிவம். நமக்குப் பன்னிரண்டு என்று நான் சொன்னதற்கு என் மாணவிகள் பரிதாபப்பட்டார்கள்.

மொழியை நான் படித்தது வகுப்பில் இல்லை, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவிடம், காபி நேரத்தில். அங்கே காபி என்றால் இரண்டு மணி நேர வேலை. பச்சைக் கொட்டையை நம் கண்முன்னே வறுத்து, அந்தப் புகையை எல்லோர் முகத்துக்கும் காட்டி, இடித்து, ‘ஜெபெனா’ என்ற மண்குடுவையில் கொதிக்க வைத்து, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகளில் மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பெயர் ‘பெரெகா’, ஆசீர்வாதம். அதற்கு முன்னால் எழுந்து போவது மரியாதை இல்லை. தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசும் இடம் அதுதான். மருமகள் தட்டில் ‘தைத்தா’ கொண்டுவந்து வைப்பாள். கேழ்வரகைவிடப் பொடிசான டெஃப் என்ற தானியத்தை அரைத்து, புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்த பெரிய தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு புளிக்கும் வாசனை வந்தாலே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

அந்த அம்மாதான் எனக்கு மூன்றாவது ‘நீ’யைச் சொல்லிக்கொடுத்தார். வயதில் பெரிய பெண்ணிடம் ‘நிஸிகி’ என்று பேசக் கூடாது, ‘நிஸிகின்’ என்று சொல்ல வேண்டும். ‘நீங்கள்’தான் அது. ஆனால் பெண்களுக்கு மட்டுமேயான ‘நீங்கள்’. பெரியவரான ஆணுக்கு ‘நிஸிகும்’. படர்க்கையிலும் அப்படியே. அவள் என்றால் ‘நிஸா’. மரியாதையாகச் சொன்னால் ‘நிஸேன்’, அப்போதும் அவர் பெண்தான்.

இந்த இடத்தில்தான் என் தமிழ்ப் பெருமை தடுக்கி விழுந்தது. நமக்கு ‘அவள்’ உண்டு, ‘அவர்’ உண்டு. ஒரு பெண்ணுக்கு மரியாதை கொடுக்க வேண்டுமென்றால் அவள் பெண் என்பதை அழித்துவிட்டு ‘அவர்’ ஆக்க வேண்டும். பெண்ணாகவே வைத்துக்கொண்டால் மரியாதை போய்விடும். எட்டு வயதுக் குழந்தையும் அவள், எண்பது வயதுக் கூலிக்காரியும் அவள். டாக்டர் ஆனால் அவர். மேலே ‘மருமகள் கொண்டுவந்து வைப்பாள்’ என்றும் மாமியார் ‘சொல்லிக்கொடுத்தார்’ என்றும் எழுதியிருக்கிறேன் பாருங்கள். தமிழ் என்னை அப்படித்தான் எழுத வைக்கிறது. இந்தக் கட்டுரையைச் செம்மை பார்ப்பவர் மருமகளையும் ‘அவர்’ ஆக்கிவிடக்கூடும். அதுவும் தீர்வா என்று எனக்குச் சந்தேகம்தான்.

‘நீ’யில் நாம் வெறும் மனிதர்கள் என்று நினைத்ததும் பாதிதான் சரி. எங்கள் பக்கம் ஒரு பெண்ணிடம் வெறும் ‘நீ’ என்று பேசுகிற ஆண் எங்கே இருக்கிறான்? வாடி, போடி, இன்னாடி. அந்த ‘டி’தான் நம் நிஸிகி. தோழிகளுக்குள் அது செல்லம். புருஷன் வாயில் வரும்போது அது என்னவாக இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. மேல்மலையனூரில் மாசி மாத மயானக் கொள்ளையில் ஒன்று கவனித்திருக்கிறேன். பொண்டாட்டிமேல் அங்காளம்மன் வந்து இறங்கியதும், அதுவரை ‘டி’ போட்டவன் கையைக் கட்டிக்கொண்டு “சொல்லு தாயே” என்பான். விபூதி பூசி, அருள் இறங்கி, அவள் தண்ணீர் குடித்து எழுந்ததும் “வண்டில ஏறுடி” என்பான். பத்து நிமிட மரியாதை.

செஞ்சிக்கே பெரிய கதை ராஜா தேசிங்கு கதைதான். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் செத்துப்போனவன். அவன் குதிரைக்குப் பெயர் உண்டு, நண்பனுக்குப் பெயர் உண்டு. உடன்கட்டை ஏறிய மனைவியை ‘ராணிபாய்’ என்கிறார்கள். ராணி என்பதும் மரியாதைச் சொல், பாய் என்பதும் மரியாதைச் சொல். பெயர் எங்கே? அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வைத்தார் என்பார்கள், அந்த ஊரிலும் ராணிதான் இருக்கிறாள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து ராஜகிரி அடிவாரத்தில் கார்கள் அதிகம். வருகிறவர்களுக்கும் இதே கதைதான் சொல்லப்படுகிறது.

திக்ரின்யா பெண்களைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல வரவில்லை. நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்தால் போதும், எல்லோரும் ஆண்பால் ‘நிஸிகும்’ ஆகிவிடுவார்கள். ஒருநாள் காபி நேரத்தில் ஓர் ஆண் எட்டிப் பார்த்தபோது அம்மா ஒரே வாக்கியத்துக்கு நடுவில் மாற்றினார். நாங்கள் ஒன்பது பேர் அந்தக் கணத்தில் ஆண்களானோம்.

அந்த அம்மா ஒரு ‘தெகதாலித்’. போராளி ஆண் என்றால் ‘தெகதாலாய்’, பெண் என்றால் ‘தெகதாலித்’. பள்ளியில் அவர் படித்தது முழுக்க அம்ஹாரிக், அதுதான் அரசாங்க மொழி. பத்தொன்பது வயதில் திக்ராய் விடுதலை இயக்கத்தில் சேர்ந்து, தன் தாய்மொழியில் முதன்முதலாக ஒரு பக்கம் எழுதியது மலைக்குகையில் நடந்த வகுப்பில். 1975இல் தொடங்கி 1991வரை நடந்த அந்தப் போரில் பெண்கள் ஏராளமாக ஆயுதம் ஏந்தினார்கள். எல்லைக்கு அப்பால் எரித்ரிய இயக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண். திக்ராயில் பெண் ஏர் பிடிக்கக் கூடாது என்பது வழக்கம், எங்கள் ஊரிலும் அப்படித்தான். இயக்கம் முதலில் பெண்களுக்கு ஏர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. கிராமத்துப் பெரியவர்கள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டது. “துப்பாக்கி பிடிக்கலாம், ஏர் பிடிக்கக் கூடாது” என்று அம்மா சிரிப்பார். ஜெயித்து ஊர் திரும்பியபோது அவருக்குக் கட்டைமுடி. மாமியார் முதலில் கேட்டது, இது எப்போது பின்னுகிற அளவுக்கு வளரும் என்பதாம்.

ஆகஸ்டில் வரும் அஷெண்டா பண்டிகையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கமாட்டார். நீளமான புல்லை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைப் புதிதாகப் பின்னிக்கொண்டு, சின்னப் பெண்களும் இளம் பெண்களும் மேளம் அடித்து வீடு வீடாகப் பாடிப் போவார்கள். அந்தச் சில நாட்கள் தெரு அவர்களுடையது. இருட்டியும் வீட்டுக்கு வராத பெண்ணை யாரும் திட்டுவதில்லை. அந்தத் தெரு முழுக்கக் கேட்பதெல்லாம் நிஸிகி, நிஸிகின். எனக்கு அந்தப் பெண்பால் ‘நீ’மேல் இருந்த கோபம் போனது அங்கேதான். அதில் அதட்டல் இல்லை. உன்னைத்தான், உன்னை மட்டும்தான் கூப்பிடுகிறேன் என்பதுபோல இருந்தது.

2020 நவம்பரில் திக்ராயில் போர் தொடங்கியது. அந்த மாதக் கடைசியில் எத்தியோப்பிய ராணுவம் மெக்கெல்லேயைப் பிடித்தது. எரித்ரியப் படையும் உள்ளே வந்தது. போன், இணையம், வங்கி எல்லாம் அறுந்தன. 2021 தொடக்கத்தில் சில மாதம் மட்டும் மெக்கெல்லேக்கு லைன் கிடைத்தது. அப்போது மருமகள் பேசினாள். கிராமங்களிலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தன. அங்கிருந்த பெண்களுக்குக் காபி வறுத்துக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது சுற்றுவரை யாரும் எதுவும் பேசுவதில்லை, சில நாள் அதற்குப் பிறகும் பேசுவதில்லை என்றாள்.

அந்தப் பெண்களுக்கு நடந்ததை அம்னெஸ்டி 2021 ஆகஸ்டில் அறிக்கையாக வெளியிட்டது. ஐ.நா. நிபுணர் குழுவும் பதிவு செய்தது. கூட்டு வல்லுறவு, நாள்கணக்கில் அடைத்துவைத்தது, குழந்தைகளின் கண்முன்னே நடந்தது. செய்தவர்களில் எத்தியோப்பியப் படையினரும் இருந்தார்கள், எரித்ரியப் படையினரும் இருந்தார்கள். பின்னால் திக்ராய் படை அம்ஹாரா மாநிலத்துக்குள் போனபோது அந்த ஊர்ப் பெண்களுக்கு அதையே செய்தது. எங்கள் அம்மா சேர்ந்திருந்த இயக்கத்தின் வாரிசுகள் அவர்கள்.

மருமகள் சொன்ன ஒரு விஷயம் எனக்குள் இன்னும் கிடக்கிறது. எரித்ரியச் சிப்பாய்களில் பலர் பேசியது திக்ரின்யா. வேற்று மொழிக்காரன் என்றால் அவன் என்ன சொன்னான் என்பதே புரியாமல் போயிருக்கும். இவர்கள் வீட்டுக்குள் வந்து ‘நிஸிகி’ என்றார்கள். அம்மாவும் அண்ணனும் கூப்பிட்ட அதே நிஸிகி. அதை அந்தப் பெண்கள் திருப்பிச் சொல்லும்போது இலக்கணம் இன்னொன்றையும் செய்தது. ‘அவர்கள்’ என்பதற்கு அந்த மொழியில் ‘நிஸோம்’. மரியாதைக்குரிய ‘அவர்’ என்பதும் நிஸோம்தான், நம் ‘அவங்க’ மாதிரி. கொலைகாரர்களைச் சொன்னாலும் நாக்கு மரியாதை கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஒரு பெண் கதையை நிறுத்திவிட்டு, நிஸோம் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன் என்று கேட்டாளாம். அதன்பின் ‘அந்த நாய்கள்’ என்று சொல்லிக் கதையைத் தொடர்ந்தாளாம்.

2021 ஜூனுக்குப் பிறகு மறுபடியும் லைன் போனது. வாட்ஸப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. 2022 நவம்பர் 2இல் பிரிட்டோரியாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பர் கடைசியில் மெக்கெல்லேக்கு போன் திரும்பியது. நான் பேசியது ஜனவரியில், பொங்கலுக்கு மறுநாள்.

அம்மாதான் எடுத்தார். என் குரலைக் கண்டுபிடித்ததும் ‘குவாலெய்’ என்றார், என் மகளே என்று. பிறகு, ஒன்றரை வருடம் கழித்து, முறைப்படி ஆரம்பித்தார். கெமெய் ஹதிர்கி? இரவை எப்படிக் கழித்தாய்? நல்லபடியாக என்றேன். அம்மா எப்படி, அப்பா எப்படி, ஆடு மாடு எப்படி, மழை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு முறை வந்தபோது ‘கெமெய் ஹதிர்கின்’ என்று கேட்டேன். கடவுளுக்கு நன்றி என்றார். சின்ன மகனைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் லைன் கரகரத்தது. பிறகு, அங்கே காபிக்கொட்டை கிலோ என்ன விலை என்று கேட்டார்.