குணமாக்கும் கருவி



கடந்த வாரம் ஒத்தக்கடை அருகே, மாலை வெயிலில் சிவந்திருந்த யானைமலையைக் கைப்பேசியில் படமெடுத்தேன். மலைக்கு முன்னே மின்கம்பிகள் ஓடின; வயலில் ஒரு மூதாட்டி சிறு உருவமாய்க் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பி, கூகுள் நிறுவனத்தின் ஸ்னாப்சீட் செயலியில் படத்தைத் திருத்தினேன். அதில் 'ஹீலிங்' என்றொரு கருவி உண்டு. குணமாக்குதல் என்பது பொருள். விரல் பட்ட இடத்தை அக்கம்பக்கத்து நிறங்களைக் கொண்டே அது மூடிவிடும். கம்பிகள் மறைந்தன, மூதாட்டியும் மறைந்தார். அழகாயிருக்கிறதென்று சபையாருக்கு அனுப்பினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி வந்தார். "ஐயா, அன்னைக்கு அந்த வயல்லதான் எங்கம்மா களையெடுத்தாங்க. நீங்க படம் எடுத்ததைப் பார்த்தேன்னு சொன்னாங்க. படத்துல தேடினேன்" என்றார். எனக்குப் பேச நா எழவில்லை.

குணமாக்குதல் என்ற பெயரில் நான் செய்தது நீக்குதல். நம் ஆண்டவரோ, ஊருக்குப் புறம்பே தள்ளப்பட்ட குஷ்டரோகியைத் தொட்டுச் சொஸ்தமாக்கி, ஆசாரியனிடம் தன்னைக் காண்பிக்கும்படி அனுப்பினார். உயிர்த்தெழுந்த தம் சரீரத்திலும் ஆணித் தழும்புகளை அவர் மறைக்கவில்லை.

திருத்தாத படம் கைப்பேசியிலேயே இருந்தது. அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டு, அதையே மறுபடியும் அனுப்பினேன்.

நம் பார்வையிலிருந்து நாம் துடைத்துவிட்ட முகம் யாருடையது? இவ்வாரம் அவருக்காக ஜெபிப்போம். அவரைச் சென்று காண்போம்.