தும்மலுக்கு ஒரு மாத்திரை

புழலில் என் சித்தப்பா இருக்கிறார். ஏரிக்கரைக் காற்று அவருக்குப் பிடிக்கும். செங்குன்றத்து அரிசி ஆலைகளின் உமித்தூசி அவர் மூக்குக்குப் பிடிக்காது. சென்ற மார்கழியில் நான் போயிருந்தபோது ஒரே மூச்சில் 17 தும்மல் தும்மினார். நான் எண்ணினேன். கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேலை?

பையில் எப்போதும் ஓர் அவில் அட்டை வைத்திருப்பவன் நான். "ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் சித்தப்பா" என்று வைத்தியம் செய்தேன். போதவில்லை என்று படுக்கப் போகும்போது இன்னொன்றும் கொடுத்தேன். தும்மல் நின்றுதான் போயிற்று.

நடுநிசியில் தடாலென்று சத்தம். கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "ரயில் வந்துவிட்டதா?" என்று கேட்டார். புழலில் ரயில் ஏது? எனக்குக் கை நடுங்கிற்று.

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸம்மா. ஓடி வந்தவர், தலையிலும் இடுப்பிலும் அடி இல்லையென்று பார்த்துவிட்டு, "பெரியவருக்குக் கடைசியாக நீர் எப்போது பிரிந்தது?" என்று கேட்டார். சித்தியின் முகத்தைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குப் பிறகு இல்லை. அலமாரியில் புராஸ்டேட் மாத்திரை இருந்தது. "இதைக் கேட்காமலா சார் கொடுத்தீர்கள்?" என்றார். குரலை உயர்த்தவில்லை; உயர்த்தியிருக்கலாம்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழாய் வைத்து நீரை எடுத்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் ரயில் நினைவு போய்விட்டது. அதுவரை நர்ஸம்மா சொன்னபடியே செய்தோம். கேட்டபோது ஒரு வாய் தண்ணீர், அறையில் சின்ன விளக்கு, எழுந்தால் உடனே நடக்கவிடாமல் கட்டிலோரம் சற்று உட்காரவைத்துக் கைப்பிடித்து அழைத்துப் போவது.

இந்த வகை மருந்துகளைக் கண்டுபிடித்ததற்காகவும் சேர்த்துத்தான் டேனியல் போவேக்கு 1957-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசுக்குத் தகுந்த மருந்துதான். ஆனால் பழைய மாத்திரைகள் ஹிஸ்டமினைத் தடுப்பதோடு நிற்பதில்லை. மூளைக்குள் நுழைந்து தூங்கவைக்கின்றன. வாயை உலர்த்துகின்றன, நீர்ப்பையைச் சுருக்கும் தசையைச் சோம்பலாக்குகின்றன. வயதானவர்களுக்குப் புத்தியும் தடுமாறும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். குழந்தைகள் விஷயம் இன்னும் நுட்பம்: குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக்கூடாதென்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அறிவுறுத்தியிருக்கிறார். பெக்ஸோபெனடின் போன்ற புதியவை மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை. செட்டிரிசின் நடுவாந்தரம், சிலரைத் தூங்கவைத்துவிடும்.

ஊர் திரும்புகிற அன்று ஜி.என்.டி. சாலை மருந்துக்கடையில் நின்றேன். லாரி கிளீனர் பையன் ஒருவன் தும்மலுக்கு மாத்திரை கேட்டான். கடைக்காரர் அவிலை எடுத்தார்.

"யாருக்கப்பா?" என்றேன்.

"டிரைவர் அண்ணனுக்கு. ராத்திரியே நெல்லூர் போகணும்."

"அதைச் சொல்லிக் கேளப்பா."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறோர் அட்டையை எடுத்தார்.