இரட்டிப்புக்கு மேல் வாங்கக் கூடாது

பாவூர்சத்திரம்

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், பேச்சு வளர்ந்து கோபத்தில் முடிந்துவிடும் என்றுதான் விட்டுவிட்டேன். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம்.

"வட்டிக்கு வரம்பு வேணும்னு ஊர் ஊரா கையெழுத்து வாங்குறியே அக்கா, கம்பெனிக்காரன் கடையைக் கட்டிட்டுப் போயிட்டா அந்தப் பொம்பளைங்க மறுபடி கந்துவட்டிக்காரன் வாசல்லதான நிப்பாங்க?" என்று கேட்டாய். வங்கியில் வேலை பார்க்கிறவள் கேட்கிற கேள்வி, தட்டிக்கழிக்க முடியாது. 2010 அக்டோபரில் ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்கள்மேல் அவசரச் சட்டம் வந்தபோது அப்படித்தான் நடந்தது. தவணை கட்டுவது நின்றது, புதுக் கடனும் நின்றது, அவசரத்துக்குப் பழைய வட்டிக்காரர்களிடமே போனார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் என்னென்ன இருந்தது என்று பார். மாவட்டத்துக்கு மாவட்டம் பதிவு, வாரத் தவணைக்குப் பதில் மாதத் தவணை, மேற்கொண்டு கடன் கொடுக்க முன் அனுமதி. நிறுவனங்களை முடக்கியவை இவைதான். வட்டி விகிதத்துக்கு 26 சதவீதம் என்று வரம்பு வைத்தது, அதற்குப் பிறகு 2011இல், தான் அமைத்த மாலேகம் குழு சொன்னதை வைத்து ரிசர்வ் வங்கி. பின்னால் கணக்கிடும் முறை மாறியது. வரம்பு மட்டும் 2022 மார்ச் வரை இருந்தது. அத்தனை வருஷத்தில் யார் கடையைக் கட்டினார்கள்? 2015இல் சிறு நிதி வங்கி தொடங்கக் கொள்கை அளவில் அனுமதி பெற்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் நுண்கடன் கொடுத்து வளர்ந்தவர்கள். வரம்புக்குள் இருந்துகொண்டே வங்கியாகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறார்கள். நீ பயப்படுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

2022 ஏப்ரலில் வரம்பை எடுத்துவிட்டார்கள். அநியாய வட்டியாக இருக்கக் கூடாது என்று எழுதினார்கள், எத்தனைக்கு மேல் போனால் அநியாயம் என்று எழுதவில்லை. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கியே நான்கு நிறுவனங்களைப் புதுக் கடன் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. வட்டி மிதமிஞ்சிப் போனது முக்கியக் காரணம். ரிசர்வ் வங்கியிடம் தணிக்கை செய்ய ஆள் இருக்கிறது, கண்டுபிடித்துவிடும். நம் ஊரில் பீடி சுற்றுகிறவளுக்கு ஒரு எண் வேண்டாமா? "இதுக்கு மேல கேட்கக் கூடாதுல்ல?" என்று வாசலில் நிற்கிறவனிடம் சொல்ல அவள் கையில் என்ன இருக்கிறது?

கீழத்தெருவில் ஒரு அம்மாவின் கணக்கைச் சொல்கிறேன். குழுக் கடன் ஒரு லட்சம். "ரூபா வட்டிதான்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம், மாதம் 5,167 ரூபாய். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 12 என்று அவரும் நினைத்தார், நானும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ கடைசி மாதம் வரைக்கும் முழு ஒரு லட்சத்துக்கும் போடப்படுகிறது. அதைச் சரியாகக் கணக்கிட்டால் 21.5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. பரிசீலனைக் கட்டணம், இன்சூரன்ஸ் என்று பிடித்ததுபோக அவர் கைக்கு வந்தது 97,000. அதையும் சேர்த்தால் ஏறத்தாழ 25. வட்டி விவரத் தாளைக் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தாள் அவர் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. யாரும் வாசித்துக் காட்டியதில்லை. இந்த ஒரு கடனோடு நிற்கவும் இல்லை. இதன் தவணை கட்ட இன்னொரு குழுவில் வாங்கினார், அதைக் கட்ட மூன்றாவது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும் என்பதால் வசூல்காரர் அதட்டத் தேவையே இல்லை, பக்கத்து வீட்டுக்காரியே வந்து அழுகிறாள். ஒரே கொடியில் துணி காயப்போட்டவர்கள் இன்று முகம் பார்த்துப் பேசுவதில்லை. எனக்குத் தாங்காதது இதுதான்.

சந்தையில் தண்டல் வாங்குகிறவர்கள் நிலை இதைவிட மோசம். பத்தாயிரம் என்று பேசி 8,500 கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். போட்டுப் பார், வருஷத்துக்கு 120 சதவீதத்தைத் தொடும். பத்து வட்டியேதான். தண்டலையும் மீட்டர் வட்டியையும் கந்துவட்டியையும் பேர் சொல்லியே தடுக்கும் சட்டம் 2003லிருந்து இருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறை. கடன் கொடுத்தவரின் தொந்தரவுக்குப் பிறகு ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், தூண்டியதாகவே எடுத்துக்கொள்ளும் பிரிவும் அதில் உண்டு. இவ்வளவு இருந்தும் 2017 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, மனுநாளில், நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் இரண்டு பெண் குழந்தைகளோடு தீயில் போனது. முன்பே மனு கொடுத்தவர்கள் அவர்கள். சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்று நீ சொல்வாய். நானும் அதைத்தான் சொல்கிறேன். அதனால்தான் எங்கள் மனுவில், கந்துவட்டிப் புகாரை எத்தனை நாளில் பதிவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் எந்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். 2025இல் சட்டசபை நிறைவேற்றிய சட்டம் மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கிறது, அது நல்லது. ஆனால் மரியாதையாகப் பேசிக்கொண்டே அநியாய வட்டி வாங்கலாமே.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்காதே. 1938இல் ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பழைய கடனில் அசலைப்போல இரண்டு மடங்கு கட்டியிருந்தால், அசலோ வட்டியோ எந்தப் பெயரில் கட்டியிருந்தாலும், கடன் தீர்ந்தது. புதுக் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 6¼ சதவீதம். ரூபாய்க்கு மாதம் ஒரு பை. படிக்காதவரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிடலாம். அது விவசாயிகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்ட சட்டம். பீடிக்காரிக்கும் மீன்காரிக்கும் ஏன் கூடாது? பிரிட்டனிலும் 2015லிருந்து குறுகிய காலக் கடனுக்கு, வட்டியும் கட்டணமும் சேர்ந்து வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. நாங்கள் கேட்பது அதேதான். வட்டிக்கு ஒரு வரம்பு, எல்லாக் கட்டணத்தையும் அதற்குள் அடக்கி. யாரிடம் வாங்கினாலும் இரட்டிப்புக்கு மேல் கட்ட வேண்டாம்.

நீ சொன்னதில் ஒன்றை அப்படியே மனுவில் சேர்த்துவிட்டேன். அவசரத்துக்குப் பணம் கிடைக்க வேறு வழி வேண்டும். சுயஉதவிக் குழுக்களுக்கு மூன்று லட்சம் வரை வங்கியில் 7 சதவீதத்துக்குக் கடன் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற ராத்திரி அது கைக்கு வராது, தண்டல்காரர் வருவார். குழுக்களின் சேமிப்பிலிருந்து உடனே எடுக்க ஒரு அவசர நிதிக்கு வங்கி எப்படி ஒத்துக்கொள்ளும் என்று உனக்குத்தான் தெரியும். அந்தப் பத்தியை நீயே எழுதிக் கொடு.

மனு நகலும் நாங்கள் சேர்த்த கடன் தாள்களின் கணக்கும் இதோடு வைத்திருக்கிறேன். பெயர்களை அடித்துவிட்டேன். வட்டிக் கணக்கை ஒவ்வொன்றாகச் சரிபார். ஒரு எண் தப்பினாலும் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டுவா. மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா