தாதியாகப் போகும் பிள்ளை

ஆசிரியத் தொழில் புரிவோரிடம் ஒரு குறைபாடுண்டு. கரும்பலகையில் எழுதிய பிழையை மாணவர் சுட்டிக்காட்டினால் உடனே அழித்துத் திருத்திவிடுவோம். பிள்ளைகளின் வாழ்க்கையிலே நாம் எழுதிவிட்ட பிழையை மட்டும் வாய்திறந்து ஒப்புக்கொள்ள மாட்டோம். அத்தகைய பிழையொன்றை இவ்வாரம் வாசகர் முன்னிலையில் ஒப்புக்கொள்ள எண்ணியுள்ளோம். அது எமது மாணவி ஒருத்தியைப் பற்றியது; தாதித் தொழிலைப் பற்றியதுமாகும்.

நாம் குடாநாட்டுக் கல்லூரி ஒன்றிலே உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்து வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒருநாள் பாடசாலை விட்டபின் அம்மாணவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். க.பொ.த. உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதி, மூன்று பாடங்களிலும் சித்தியெய்தி, மருத்துவபீடத்துக்கு வேண்டிய புள்ளியைச் சிறிதளவால் தவறவிட்டவள் அவள். கையிலே வர்த்தமானி அறிவித்தலின் பிரதியொன்றும் விண்ணப்பப் படிவமும் இருந்தன.

“சேர், நேர்சிங் படிக்க விண்ணப்பம் போடப்போறன். ஒரு நற்சான்றிதழ் தருவீங்களோ?” என்றாள்.

நாம் அப்படிவத்தைக் கையால் வாங்கவுமில்லை. “உனக்கென்ன விசரே, பிள்ளை? இன்னும் ஒருமுறை எழுதலாம். டொக்டராய் வரவேண்டிய நீ நேர்சாய்ப் போறதோ?” என்றோம். அவள் எதிர்த்து ஒன்றும் கூறவில்லை. எமது ஊர்ப் பிள்ளைகள் ஆசிரியரை எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமென்று கொண்டு, நல்லதொரு புத்திமதி கூறிவிட்டோம் என்ற திருப்தியோடு வீடு சென்றோம்.

அவள் மூன்றாம் முறைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்திலே எமது தந்தையார் இதய நோயினால் மூச்செடுக்க இயலாது அரச வைத்தியசாலை ஒன்றிலே சேர்க்கப்பட்டார். ஒன்பது நாட்கள் அவரது கட்டிலின் அருகே இருந்தோம். இருபது ஆண்டுகளாக இதயத்தின் படத்தை வரைந்து, அறைகளையும் வால்வுகளையும் பெயர் குறித்துக் கற்பித்தவர் நாம். ஆயின், நோயுற்ற இதயம் ஒன்றைக் காப்பது எத்தகைய வேலை என்பதை அந்த விடுதியிலேதான் கண்டோம்.

முதலாம் நாள் இரவுக் கடமைக்கு வந்த தாதி, “ஐயா பின்னேரத்திலையிருந்து எத்தினை தம்ளர் தண்ணி குடிச்சவர்?” என்று வினவினாள்.

“மூண்டு நாலு இருக்கும்” என்றோம்.

“மூண்டோ, நாலோ, சேர்?”

எமக்கு வெட்கமாயிற்று. வகுப்பிலே மாணவரை நோக்கி நாம் நாள்தோறும் கேட்கும் கேள்வியல்லவா அது? தளர்ந்த இதயம் குருதியைத் தள்ளமாட்டாதபோது நீர் நுரையீரலிலே தேங்கும். ஆதலினாலே உள்ளே செல்லும் நீரையும் வெளியே வரும் சிறுநீரையும் அளந்து எழுதுகின்றனர். பிறர் முகஞ்சுளிக்கும் அந்தச் சிறுநீர்ப் போத்தலை அவள் வெளிச்சத்திலே உயர்த்திப் பிடித்துக் கோடு பார்த்த விதம், ஆய்வுகூடத்திலே நாம் அளவுசாடியைப் பார்க்கும் விதமாகவே இருந்தது.

ஐந்தாம் நாட் காலை நிகழ்ந்ததை என்றும் மறவோம். தந்தையாருக்கு டிகொக்சின் என்னும் மாத்திரை விதிக்கப்பட்டிருந்தது. டிஜிற்றாலிஸ் என்னும் செடியினத்திலிருந்து பெறப்படும் மருந்து அது. 1785 ஆம் ஆண்டிலேயே வில்லியம் விதறிங் என்னும் ஆங்கில வைத்தியர் அச்செடியின் பயனையும் அபாயத்தையும் ஆராய்ந்து எழுதினார். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் இதிலே மிகச் சிறிது. இரவு முழுவதும் விழித்திருந்த அத்தாதி, மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, தந்தையாரின் மார்பிலே குழாயை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினாள். மறுமுறையும் எண்ணினாள். பின்னர் மாத்திரையைக் கொடாது எடுத்து வைத்துக்கொண்டாள்.

“ஐயாவுக்குத் துடிப்பு ஐம்பத்திரண்டுதான். அறுபதுக்குக் குறைஞ்சால் டொக்டரைக் கேளாமல் குடுக்கேலாது” என்று கூறிச் சென்றாள். வைத்தியர் வந்தார், குருதியைச் சோதிப்பித்தார், மருந்தின் அளவைக் குறைத்தார். தந்தையார் பின்னர் நலமுற்று வீடு திரும்பினார்.

அன்று கட்டிலருகே நாம் சிந்தித்தது இதுதான். அந்த மாத்திரை எமது கையில் இருந்திருந்தால் யாது செய்திருப்போம்? அன்போடு கொடுத்திருப்போம். நேரந் தவறாது கொடுத்துவிட்டோம் என்று மகிழ்ந்துமிருப்போம். தாதித் தொழிலுக்கு அன்பு வேண்டும், பொறுமை வேண்டும் என்று மேடைகளிலே பேசுகின்றோம். அவை வேண்டியனவே. ஆயினும் அன்று தந்தையாரைக் காத்தது, எண்ணிப் பார்க்கவும் எண்ணியதை நம்பவும் வேண்டியபோது கொடாமல் நிறுத்தவும் கற்ற கல்வியே. உரிய நோயாளிக்கு, உரிய மருந்தை, உரிய அளவில், உரிய வழியில், உரிய நேரத்திற் கொடுத்தல் என்னும் ஐந்து விதிகளைத் தாதி மாணவர் தொடக்கத்திலேயே பயில்கின்றனர். அக்கல்வியைப் பெற்றவர் இவர் என்று மக்களுக்கு உறுதியளிப்பதற்காகவே பதிவும் அனுமதியும் ஏற்பட்டன.

இக்கல்வி எமது மண்ணுக்குப் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே எமது இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். 1850 இல் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் எழுந்த வைத்தியசாலையே இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக விளங்குகின்றது. புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரால் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையிலே தாதியர் பாடசாலை தொடங்கியது 1860 இலேதான். 1898 இல் இணுவிலிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆண் வைத்தியரிடம் செல்லக் கூசிய எமது பாட்டிமார் பலர் அங்கேதான் சுகமாகப் பிள்ளை பெற்றனர்.

இத்தொழிலின் கடமை எத்தகையது என்பதையும் எமது ஊர் அறியும். 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளி நாளிலே, போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நோயாளரோடு வைத்தியரும் தாதியரும் ஊழியரும் அங்கே மாண்டனர். அப்போது எமக்கு ஆறு வயது. வீட்டிலே பெரியவர்கள் தாழ்ந்த குரலிற் பேசியது மட்டும் நினைவிலுண்டு. கடமையை விட்டு ஓடாதவர்கள் அவர்கள் என்பதைப் பின்னரே விளங்கிக்கொண்டோம்.

இனி, இத்தொழிலுக்குச் செல்லும் வழியைப் பெற்றோரும் மாணவரும் அறிதல் நன்று.

முதலாவது வழி, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்றாண்டு பயிலுதல். யாழ்ப்பாணத்திலும் அத்தகைய கல்லூரியுண்டு. உயர்தரப் பரீட்சையிலே உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றைக் கற்றுச் சித்தியெய்தியோருக்கே இவ்வழி பெரும்பாலும் திறந்திருக்கின்றது. சாதாரண தரப் பெறுபேறுகளையும் நோக்குவர். விண்ணப்பங் கோரும் அறிவித்தல் வர்த்தமானியிலே வெளிவரும். வயதெல்லை முதலிய நிபந்தனைகள் காலத்துக்குக் காலம் மாறுவதுண்டு. ஆதலின் அண்ணன்மார் அக்காமார் கூறிய பழைய விதிகளை நம்பாது, அவ்வாண்டின் அறிவித்தலைத் தாமே வாசித்தல் வேண்டும். பயிற்சிக் காலத்திலே மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கும். உடலமைப்பியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், மருந்தியல், போசணை, உளவியல் ஆகியவற்றை வகுப்பறையிற் கற்று, விடுதிகளிலே கையாற் செய்து பழகுவர். மருந்துகளின் பெயரும் நோய்க்குறிப்பும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றமையால் ஆங்கிலத்தை இன்றே தேடிக்கொள்ளுதல் புத்தி.

இரண்டாவது வழி பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் வேறு சிலவும் தாதியியலிலே நான்காண்டுப் பட்டக் கல்வி வழங்குகின்றன. தாதியாகக் கடமையாற்றுவோர் திறந்த பல்கலைக்கழகத்தின் மூலமும் பட்டம் பெறலாம். தீவிர சிகிச்சை, சத்திரசிகிச்சைக் கூடம், மகப்பேறு, உளநலம், பொதுச் சுகாதாரம் எனச் சிறப்புத் துறைகளும் பின்னர் உண்டு.

மூன்றாவது, தாதியருக்குத் துணைபுரியும் பராமரிப்பாளர் பயிற்சி. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறத்தக்க பயிற்சிகள் இதற்குண்டு. இதுவும் கண்ணியமான தொழிலே. ஆனால் இதனைப் பெற்றவர் பதிவுபெற்ற தாதியாகார். ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையிலே தாதியருக்கென ஒரு சபையை விதித்தது. பணங்கட்டிச் சேருமுன், “இப்படிப்பை முடித்தால் பிள்ளை தாதியாகப் பதிவுபெறலாமோ? எழுத்திலே தருவீர்களோ?” என்று கேளுங்கள். தெளிவான விடை வராத இடத்திலே தாலிக்கொடியை அடகுவைத்துப் பணங்கட்டாதீர்கள்.

வெளிநாட்டில் வாழும் உறவினர், “அங்கே ஒரு வருடத்தில் நேர்ஸ் ஆகலாமாம்” என்று தொலைபேசியிற் கூறுவதுண்டு. அதிலே பாதியே உண்மை. அமெரிக்காவிலே ‘பிரக்றிக்கல் நேர்ஸ்’ என்னும் ஒரு படியுண்டு. ஏறத்தாழ ஓராண்டு பயின்று, நாடு முழுவதற்கும் பொதுவான பரீட்சையிலே சித்தியெய்தி, அந்தந்த மாநிலத்தின் தாதியர் சபையிடம் அனுமதி பெறவேண்டும். கலிபோர்னியாவிலும் ரெக்சாசிலும் அவர்களுக்குப் பெயரே வேறு. ஒரு மாநிலத்தின் அனுமதி, தம்முள் உடன்பாடு செய்துகொண்ட மாநிலங்களிலன்றி, மற்றொன்றிலே செல்லாது. எமது உறவினர் மிகுதியாக வாழும் ஒன்ராறியோவிலோ அப்படிக்கு இரண்டாண்டு டிப்ளோமா வேண்டும், அதன்பின்னும் பரீட்சையுண்டு. இங்கே பயின்றவரும் அங்கு சென்றதும் தொழில் தொடங்க இயலாது. கல்வியை மதிப்பிடுவித்து, அவர்கள் கேட்கும் பரீட்சையையும் எழுதவேண்டும். எந்நாடாயினும் படிப்பு, பரீட்சை, பதிவு என்னும் மூன்றையும் தவிர்க்க வழியில்லை.

எமது மாணவியின் கதைக்குத் திரும்புவோம். மூன்றாம் முறைப் பெறுபேறு முன்னையதிலும் குறைவாகவே வந்தது. அவள் மீண்டும் படிவத்தோடு வந்தாள். இம்முறை அவளைக் கதிரையில் இருத்தி, அங்கேயே நற்சான்றிதழை எழுதிக் கொடுத்தோம். “போன வருஷமே தந்திருக்க வேணும், பிள்ளை” என்றோம். அவள் சிரித்தாளேயன்றி ஒன்றுஞ் சொல்லவில்லை.

மறுநாள் அவளது தகப்பனார் வந்தார். தோட்டஞ் செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். “மாஸ்ரர், நீங்களே ஓமெண்டு எழுதிக் குடுத்திட்டீங்களாம். ஆற்றையேன் மலசலம் எடுக்கவோ நான் வெங்காயம் நட்டு இவளைப் படிப்பிச்சனான்? ராவேலை வேறை. நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்கை என்ன சொல்லுறது?” என்றார்.

அவரைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. ஓராண்டுக்கு முன் நாமும் அதையே வேறு சொற்களிற் கூறியிருந்தோம். எனவே வாதஞ் செய்யாது, ஐந்தாம் நாட் காலையில் நிகழ்ந்ததை அவருக்குச் சொன்னோம். ஐம்பத்திரண்டு என்ற எண்ணையும் சொன்னோம். அவர் வெகுநேரம் நிலத்தைப் பார்த்தவாறு இருந்தார். பின்னர், “அந்தப் பிள்ளை ஆற்றை பிள்ளை?” என்று கேட்டார்.

எமது ஊரிலே எல்லா விசாரணையும் இக்கேள்வியிலேதான் தொடங்கும். ஆயின் எமக்கு விடை தெரியவில்லை. ஒன்பது நாட்கள் எமது தந்தையாரைப் பார்த்த அத்தாதியின் ஊரை நாம் கேட்கவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை. வைத்தியரின் பெயரும் அவர் படித்த கல்லூரியும் மட்டும் எமக்கு நன்கு தெரிந்திருந்தன. அதை அவரிடம் ஒளியாது கூறினோம். அவர் எழுந்து, “சரி, மாஸ்ரர். அவள் போகட்டும்” என்று சொல்லிச் சென்றார்.

அம்மாணவி பயிற்சியை முடித்து இன்று தாதியாகக் கடமையாற்றுகின்றாள். எமது புத்திமதியால் அவளுக்கு ஓராண்டு வீணாயிற்று. அதனைத் திருப்பிக் கொடுக்க எம்மால் இயலாது. சென்ற மாதம் எமது வகுப்பு மாணவன் ஒருவன், “ஆண்பிள்ளையளும் நேர்சிங் படிக்கலாமோ, சேர்?” என்று தயங்கியவாறு வினவினான். வகுப்பிலே இரண்டொருவர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. “படிக்கலாம், தம்பி. எண்ணிக்கையிலே குறைவு, அவ்வளவுதான். ஆனால் என்னைக் கேளாதை, இந்த வேலை செய்யிற ஒராளைக் கேள்” என்று கூறி, அம்மாணவியிடம் அனுமதி கேட்டு, அவளது கடமை முடியும் நேரத்தை அவனுக்கு எழுதிக் கொடுத்தோம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையும் ஒருநாள் அத்தகைய படிவத்தோடு முன்னே வந்து நின்றால், மறுமொழி கூறுமுன் அதைக் கையில் வாங்கி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நாம் அன்று செய்யாது விட்டது அதுவே.