மாடிப்படியும் ஆல்பைன் போர்டும்

டிசம்பர் 26, திருத்தணி

மியூனிக்கிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. போன பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் சரிவொன்றில் விழுந்ததில், வலது மணிக்கட்டு இன்னமும் காலை நேரத்தில் வலிக்கிறது. காரணம் என் 29 சென்டிமீட்டர் பாதம். சாதாரண ஸ்னோபோர்டில் பாதங்கள் பலகைக்குக் கிட்டத்தட்டக் குறுக்காக நிற்கும். நான் போர்டை நன்றாகச் சாய்த்தபோது பூட்ஸ் நுனி பனியில் இடித்தது, விளிம்பு பிடி விட்டது, நான் உருண்டேன்.

கார்விங் என்றால் சறுக்கித் தேய்க்காமல், விளிம்பை மட்டும் பனியில் பதித்து ஒரே கோடாக வளைந்து போவது. அதற்கென்றே இருப்பது ஆல்பைன் போர்டு: ஒடுங்கிய உடல், விறைப்பு, பாதத்தைப் பிடிக்க உலோகத் தட்டு பைண்டிங், கெட்டி பூட்ஸ். முதல் போர்டு எதுவென்று முடிவு செய்வதே இந்த விடுமுறையின் வேலை.

"காசு குடுத்து வழுக்கி விழ ஜெர்மனி வரைக்கும் போவணுமாடா? மழை பெஞ்சா நம்ம தெருவே போதுமே" என்றாள் அம்மா.

டிசம்பர் 27

ஆசை நீளமான பந்தயப் போர்டின் மேல்தான். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்ஸில் செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா பனிச்சறுக்கு சூப்பர்-ஜி போட்டியிலும், ஒரு வாரம் கழித்து ஸ்னோபோர்டு பேரலல் ஜயன்ட் ஸ்லாலத்திலும் தங்கம் வென்றதைப் பார்த்த நாளிலிருந்து அந்த ஆசை. ஆண்களின் பந்தயப் போர்டு 180 செ.மீ.-க்கு மேல் போகும். அதை வளைக்க வேகம் வேண்டும். வேகத்தைத் தாங்கப் பழக்கம் வேண்டும். என்னிடம் இரண்டுமில்லை.

போர்டின் பக்க விளிம்பு உள்வாங்கி வளைந்திருக்கும். அந்த வளைவு எத்தனை மீட்டர் ஆர வட்டத்தின் துண்டு என்பதே முக்கியமான எண். மாலையில் மாட்டுக் கயிறும் ஒரு முளையும் எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போனேன். பத்து மீட்டர் கயிற்றைப் பிடித்து வட்டம் நடந்தேன். அந்த ஆரமுள்ள போர்டை 45 பாகை சாய்த்தால் திருப்பத்தின் ஆரம் சுமார் ஏழு மீட்டராகச் சுருங்கும். 60 பாகைக்கு ஐந்து. பந்து விளையாடிய பையன்கள் நின்று பார்த்தார்கள். கற்பவனுக்கு 9 முதல் 11 மீட்டர் போதும், மைதானத்தின் பாதிக்குள் திரும்பிவிடலாம். நீளம் 160 செ.மீ.-ஐ ஒட்டி. அதிக விறைப்பு வேண்டாம்.

டிசம்பர் 29

மாடிப்படியில் அம்மா பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்து, முட்டி வலியா என்றேன். "முட்டிக்கு என்ன? படி ஒடுக்கம். நேரா வச்சா பாதி கால் வெளிய நிக்குது, அதான் திருப்பி வைக்கிறேன்."

நான் தேடியது இதுதான். படி ஒடுங்கினால் பாதம் திரும்புகிறது. ஆல்பைன் போர்டிலும் பாதங்கள் முன்னோக்கித் திரும்புவது ஸ்டைலுக்காக அல்ல, நுனியும் குதிகாலும் விளிம்பைத் தாண்டாமலிருக்க.

ஆசாரியிடம் 20, 22 செ.மீ. அகலத்தில் இரண்டு ப்ளைவுட் துண்டு அறுத்து வாங்கினேன். பூட்ஸ் அளவுக்கு வெட்டிய அட்டையை மேலே வைத்துத் திருப்பினேன். இருபதில் 60 பாகை தாண்டினால்தான் அட்டை அடங்குகிறது. இருபத்திரண்டில் அதற்கு முன்பே அடங்கிவிடுகிறது. குறுக்காக நின்று பழகியவனுக்குத் திருப்பம் குறைவாக இருப்பதே நல்லது. ஆக, பெரிய பாதத்துக்கு அகலம் கூடிய போர்டு.

டிசம்பர் 30

பைண்டிங்கில் இரண்டு வகை. ஒன்றில் குதிகாலைக் கம்பி வளையம் பிடிக்கும். முன்னால் நெம்புகோலைக் கையால் மடக்க வேண்டும். மற்றதில் குதிகாலை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். ஆனால் பூட்ஸில் அதற்கான தனிக் குதிகால் வேண்டும், அடியில் பனி ஒட்டினால் பூட்டாது. முதல் வகையே எனக்கு. முன்கால் நுனியையும் பின்கால் குதியையும் சற்று உயர்த்தும் ஆப்புகளும் வேண்டும், முழங்கால்கள் இயல்பாக மடங்க. ஸ்கீ பைண்டிங்போல இது விழும்போது கழன்றுகொள்ளாது. ஒன்று மட்டும் உடைந்தால் மற்றக் கால் போர்டோடு மாட்டிக்கொள்ளும். அதனால் பழைய பிளாஸ்டிக் பைண்டிங் மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாது, குளிரில் நொறுங்கும்.

டிசம்பர் 31

மலைமேல் முருகன் கோயிலில் படித் திருவிழா. 365 படிகளிலும் கற்பூரம், திருப்புகழ். கூட்டத்தில் மெல்ல ஏறும்போது தம்பி கேட்டான்: "ஏன்ணா, குல்மார்க்குலயே கத்துக்கலாம்ல?" காஷ்மீரின் குல்மார்க் புதுப்பனிக்குப் பெயர்போனது. ஒடுங்கிய போர்டு அதில் புதையும். கார்விங்குக்கு இயந்திரம் உருட்டி இறுக்கிய சரிவு வேண்டும் என்றேன். "அப்ப போர்டை வாங்கறதுக்கு முன்னாடி இடத்தைப் பாக்கணும்" என்றான்.

ஜனவரி 1

"ஆனை வாங்கத் துட்டு இருக்கு, அங்குசம் வாங்கத் துட்டு இல்லை" என்ற கதை ஆகக்கூடாது. பணத்தில் பாதி பூட்ஸுக்கு; அது மட்டும் புதிது. போர்டு பழையதே போதும்: விளிம்பில் துரு தின்றிருக்கக்கூடாது, அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடாது, பைண்டிங் திருகும் துளைகள் உறுதியாக இருக்க வேண்டும், தரையில் வைத்தால் நடுப்பகுதி சற்றே எழும்பி நிற்க வேண்டும். 160 நீளம், 22 அகலம், 10 மீட்டர் வளைவு.

நீங்களும் வாங்குவதாக இருந்தால், முதலில் உங்கள் பாதத்தை அளந்துகொள்ளுங்கள்.