ஒரே கோணலா இருக்கணும் சார்!

திருவண்ணாமலையில் பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் மணலூர்பேட்டை. தூங்காமல் வந்தாலும் மணலூர்பேட்டைதான். ஆனால் ஜன்னலோர சீட் கிடைத்த பிறகு தூங்காமல் வருவது எப்படி?

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்துகொண்ட பேரூராட்சி இது. ஊரை ஒட்டித் தென்பெண்ணை. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் கிளம்பி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று அணைக்கு அணை தங்கி இளைப்பாறி, இந்த ஊரையும் தொட்டுக்கொண்டு கடலூரில் போய்க் கடலில் சேருகிற ஆறு.

வருஷம் முழுக்க சாதுவாக இருக்கிற ஊர், தை 5-ம் தேதி ஆளே மாறிவிடும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு இங்கே எழுந்தருளுகிறார். சாமி வந்தால் சும்மாவா? ராட்டினம், வளையல் கடை, மிளகாய் பஜ்ஜி, கரும்புக் கட்டு எல்லாம் கூடவே ஆற்று மணலில் எழுந்தருளிவிடும். அந்த வரிசையில் ஒரு பலகை, பலகை நிறைய பலூன், எதிரே ஒரு துப்பாக்கி. நம்ம விஷயம் அந்தத் துப்பாக்கிதான்.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் என்பதால் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே ஆஜராகிவிட்டேன். (வேலை வெட்டி இல்லையா என்று கேட்காதீர்கள். எழுதுவதுதான் வேலை.) திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கோணிப்பையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அக்கா பையனுக்கு அவர் ‘பலூன் தாத்தா’.

“மாப்ள சார் காமர்ஸ் படிச்சவராமே. ஒரு யோசனை சொல்லணும்” என்று கோணியைப் பிரித்தார். உள்ளே துருவேறிய ஏர்கன்.

2024 டிசம்பர் 2 அதிகாலை. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்களே, அந்த ராத்திரி. கரையோரம் இருந்த அவர் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவருக்குக் கட்டிலுக்கடியில் இருந்த துப்பாக்கி ஞாபகம் வந்தது மூணாம் நாள்தான்.

“இருவது வருஷம் சோறு போட்டுது சார். இனிமே ஆவாது. தையில நம்ம ஆறு, மாசியில மேல்மலையனூர் மயானக்கொள்ளை, சித்திரையில கூவாகம், கார்த்திகையில தீபம். இதான் என் வருஷ வருமானம். புதுசு வாங்கணும். தப்பான சாமான் வாங்கிட்டா வருஷமே போச்சு.”

கையில் ஏழாயிரம் இருந்தது. வீட்டம்மாவின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போய் வந்த ரூபாய்.

மறுநாள் இருவரும் வேலூருக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் எனக்கு வகுப்பு. “ஏர்கன்னா உள்ள மருந்து கெடையாது சார். குழாயை மடக்கினா உள்ள ஸ்பிரிங் அமுங்கும். ஒரே ஒரு ஈயக் குண்டு போடணும். விசையைத் தட்டினா ஸ்பிரிங் பாய்ஞ்சி காத்தைத் தள்ளும், காத்து குண்டைத் தள்ளும். ஒரு தபா மடக்கினா ஒரு குண்டு. அவ்ளோதான்.”

“லைசென்ஸ்?”

“இந்த சைஸுக்கு வேணாம். மலை மேல மருந்து போட்டு இடிக்கிறாங்களே, அந்த நாட்டுத் துப்பாக்கிதான் வம்பு.”

சரியாகத்தான் சொன்னார். 2016-ம் வருஷ ஆயுத விதிகள்படி, துளை 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் வேகத்தின் சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருக்கிற ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கல்வராயன் மலையில் போலீஸ் அடிக்கடி பறிமுதல் செய்கிற நாட்டுத் துப்பாக்கி வேறு ரகம். அதை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1959-ம் வருஷ ஆயுதச் சட்டம் வீடு தேடி வரும்.

வேலூர்க் கடையில் மூன்று துப்பாக்கியை வரிசையாக எடுத்து வைத்தார்கள்.

முதலாவது, பெயர் தெரியாத கம்பெனி. குழாய் மேல் வெளிநாட்டு ஊர் மாதிரி ஏதோ பொறித்திருந்தது. விலை ரொம்ப சல்லிசு.

இரண்டாவது, ஒருவர் வைத்திருந்து விற்ற பழைய ‘நேஷனல் 35’. சிமெண்ட் குழாய்க்குப் பேர்போன இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனிதான் இந்த நேஷனலைத் தயாரித்தது என்றால் நம்புவீர்களா? குழாய் என்று வந்துவிட்டால் சின்னதென்ன, பெரிசென்ன! இதன் பூர்வீகம் ஜெர்மனி. ராஸ்டாட் என்ற ஊரில் 1890-ல் தொடங்கிய கம்பெனியின் ‘டயானா 35’ மாடலைப் பார்த்துச் செய்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அந்த டயானாவின் இயந்திரங்களே ஸ்காட்லாந்துக்குப் போய், அங்கே கொஞ்ச காலம் அதே பெயரில் துப்பாக்கி வந்தது. 1950-ல் ஜெர்மன்காரர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். அசல் எது, நகல் எது என்று சொந்தக்காரர்களே குழம்பிய குடும்பம்!

இதில் நமக்கும் தூரத்து உறவு உண்டு. நாம் மிதித்த பி.எஸ்.ஏ. சைக்கிள் இருக்கிறதே, அந்த மூன்றெழுத்தின் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் துப்பாக்கிக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. சாய்த்து வைத்த மூன்று துப்பாக்கிதான் அதன் சின்னம். இத்தனை நாள் துப்பாக்கிக் கம்பெனி பெயரை மிதித்துக்கொண்டுதான் டியூஷனுக்குப் போயிருக்கிறோம்.

மூன்றாவது, மகாராஷ்டிராவின் பிரெசிஹோல். நீளத் துளை போடும் இயந்திரங்கள் செய்கிற வீட்டுப் பிள்ளை. புத்தம் புதுசு. பார்க்கவே பளபளப்பு.

நான் சும்மா இருப்பேனா? பி.காம். ஆயிற்றே! பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் தேய்மானம், வட்டி, ஒரு குண்டுக்கு அடக்க விலை எல்லாம் போட்டு, “பெரியவரே, முதலாவதுதான் லாபம்” என்றேன் கம்பீரமாக.

பெரியவர் சிரித்தார். கடைக்காரரிடம் ஒரு அட்டைப் பெட்டி வாங்கி, கடைக்குப் பின்னால் சுவரோரம் வைத்து, பதினைந்து அடி நடந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு போட்டார்.

பெயரில்லாதது: ஐந்து குண்டும் ஐந்து திசையில். பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பி மாதிரி.

பிரெசிஹோல்: ஐந்தும் ஒரே ரூபாய்க் காசுக்குள், நடுவில். ஆனால் அவர் கைப் பணத்துக்கு எட்டவில்லை.

நேஷனல்: ஐந்தும் ஒரே இடத்தில். ஆனால் குறிக்கு இரண்டு விரற்கடை இடதுபக்கம்.

“இதான் நமக்கு” என்றார்.

“கோணலா சுடுதே!”

“ஒரே கோணலா சுடுது பாருங்க சார். முன்ன வெச்சிருந்தவரு சைட்டை நோண்டியிருக்காரு. திருப்புளி இருந்தா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவேன். ஒரே கோணலா இருந்தா திருத்திக்கலாம். தெனத்துக்கு ஒரு கோணலா இருந்தா ஆண்டவனாலயும் ஆவாது.”

எனக்கு நான் வேலை பார்த்த இரண்டு மேனேஜர்கள் ஞாபகம் வந்தது. ஒருவர் காலை பத்து மணிக்கு மட்டும் கத்துவார். பத்தரைக்குப் போய் லீவு கேட்போம், கிடைத்துவிடும். இன்னொருவர் எப்போது கத்துவார், எதற்குச் சிரிப்பார் என்று அவருக்கே தெரியாது. அவரிடம் தாங்காமல்தான் நான் எழுத வந்தேன்!

பெரியவர் லேசில் கிளம்பவில்லை. இரண்டு ஸ்பிரிங், நாலு தோல் வாஷர், எண்ணெய் டப்பா எல்லாம் சேர்த்துப் பேசி வாங்கினார். “துப்பாக்கி யார் வேணா விப்பாங்க. மாசியில வாஷர் போச்சுன்னா யாரு தருவாங்கன்னு பாக்கணும்.”

திரும்பும் வழியில் என் பெரிய சந்தேகத்தைக் கேட்டேன். “கோணலாவே வெச்சிருந்தா பலூன் மிச்சமாகுமே? பலூன் கடைத் துப்பாக்கின்னாலே குழாயை வளைச்சு வெச்சிருப்பாங்கன்னு சொல்வாங்களே?”

“பலூன் போனா ஒண்ணேகால் ரூபா. ஆளு போனா அம்பது ரூபா. பத்து குண்டுல ஒண்ணும் படலைன்னா துப்பாக்கியத் திட்டிட்டுப் போயிடுவான். ஆறு பட்டா, இன்னும் பத்து குடும்பான். ஜெயிச்சவன்தான் சார் திரும்பி வருவான்.”

மூன்று வருஷம் காலேஜில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

தை 5. ஆற்றில் தலை வைக்க இடமில்லை. முதல் போணி அக்கா பையன். முதல் குண்டு பலகை. “மூச்சைப் புடிச்சிட்டு மெதுவா அழுத்து ராஜா” என்றார் தாத்தா. இரண்டாவது, டப்! இந்த ஆறு கடலில் சேருகிற கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019 ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் தங்கம் வாங்கினார். அதுவும் 4.5 மில்லிமீட்டர்தான், ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான். பத்துப் புள்ளி தருகிற புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். நம்மாளுக்கு ஒரு சாண் பலூன். எங்காவது ஆரம்பிக்க வேண்டாமா! (மாமா சுட்டது? அதை விடுங்கள்.)

இருட்டும் நேரத்தில் காரில் வந்த ஒரு இளைஞர் பெரியவரைத் தனியே கூப்பிட்டார். “ராத்திரிக்கு மட்டும் துப்பாக்கியக் குடுங்க. ரெண்டாயிரம் தரேன். கொக்கு அடிக்கணும்.”

1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டத்தை எடுத்துவிடலாமென்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்கு அவசியமே வரவில்லை.

“பலூன் செத்தா இன்னொண்ணு ஊதிக்கலாம் தம்பி. கொக்கு செத்தா யாரு ஊதறது?”

அந்த இரண்டாயிரம் தோட்டை மீட்கப் பெரிய உதவி. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பாட்டுக்கு அடுத்த பலூனை ஊத ஆரம்பித்துவிட்டார்.

கூவாகம் திருவிழா முடிந்த மறுவாரம் அக்கா போன் செய்தாள். “பலூன்காரர் வீட்டம்மா காதுல தோடு போட்டுக்கிட்டு வந்து காட்டிட்டுப் போனாங்கடா. வாஷர் ஒண்ணு மாத்தினாராம். உன்கிட்டச் சொல்லச் சொன்னாரு.”

அந்த பஸ் டிக்கெட் கணக்கு இன்னும் என் பர்சில்தான் இருக்கிறது. எனக்கு எப்போதாவது கர்வம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.